வெறுங்கூடு

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் விழுந்தபோது, நான் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் அதே வியாதிதான். மூளைக்குப் போகும் இரத்தத்தை அடைத்து எலிகளுக்கு அதை வரவழைப்பார்கள். பிறகு பாதியைப் பெரிய கூட்டில் விடுவார்கள். ஏணி, குழாய், ஏறி ஓடச் சுழல்சில்லு, கூடவே கூட்டாளிகள். மீதியைத் தனித்தனியாக வெறுங்கூட்டில் அடைப்பார்கள். எது கையை நீட்டித் தீனி எடுக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. பெரிய கூட்டு எலிகள் மெல்ல மெல்ல எடுக்கத் தொடங்கின. மற்றவை மூலையில் குந்தியிருந்தன.

வேலை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தால், அப்பா பின்னறையில் படுத்திருப்பார். கதவு சாத்தியிருக்கும். நானே ஊட்டுவேன், நானே துடைப்பேன். வருத்தக்காரர் என்றால் எங்கள் ஆட்களுக்குப் படுக்கை, கஞ்சி, அமைதி. அன்பாம், மண்ணாங்கட்டி!

அப்பா படுக்கையில் விழுந்த ஐந்தாவது மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வந்தது. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு அது வந்தாலும் செபமாலையைத் தொடங்குவது எப்போதும் அப்பாதான். துறைமுகத்தில் கத்திப் பழகிய குரல். வாசலுக்கு வந்த சுரூபத்தை நான் உள்ளே எடுக்கவில்லை.

"அப்பாக்குச் சத்தம் கூடாது. அடுத்த வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

உள்ளே அவர் இடக்கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் சும்மா இருங்கோ அப்பா!" என்று அதட்டினேன்.

அடுத்த வாரம் ஆய்வு செய்யும் மாணவி என் கொப்பியைப் புரட்டினாள்.

"அக்கா, வெறுங்கூட்டு எலியள் ஏன் கையே நீட்டுதில்ல?"

"ஆருக்காக நீட்டோணும்? பக்கத்தில ஒருத்தருமில்ல, செய்ய ஒரு வேலையுமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாதாவே! அரைநாள் லீவு போட்டு ஓடினேன். அப்பாவைக் கதிரையில் இருத்தி முன்வாசலுக்கு இழுத்து வந்தேன். மடியில் பயற்றங்காயைப் போட்டு, "உடைச்சுத் தாங்கோ அப்பா" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதைத்தார்கள். அப்பா அழுதார். ஆனால் வலக்கை விரல்கள் மடங்கி இறுகிப் போயிருந்தன.

தினமும் அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்தேன்; விரல்கள் மெல்ல விரியத் தொடங்கின. ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவரே அந்தக் கையால் கரண்டியைப் பிடித்தார். பாதி வழியில் கை நடுங்கிச் சோறு கொட்டியது. ஐந்து மாதமாக ஊட்டிய பழக்கம். நான் வெடுக்கென்று கரண்டியைப் பறித்து அவர் வாயருகே கொண்டு போனேன்.

அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். பதறிப்போய்க் கரண்டியைத் திரும்ப அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. பிறகு ஒருநாளும் பிடிக்கவில்லை.