அண்ணி கப்பலுக்கு அனுப்பிய சத்தங்கள்

என் அண்ணியைப் பற்றி யாராவது விசாரித்தால், "பேச மாட்டாங்க, ஆனா எல்லாம் கேப்பாங்க" என்றுதான் சொல்வேன். நான் அதற்கு நேர்மாறு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை எனக்கு. மெஷின் சத்தத்தில் நாள் முழுக்கக் கத்திக் கத்தித்தான் என் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். பிறக்கும்போதே இப்படித்தான் என்பான் என் அண்ணன். அவன் கிடக்கிறான்.

அண்ணிக்கு வேலை வீட்டிலேயே. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். எந்த டாக்டருக்கு இன்று சளி, எவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதையெல்லாம் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவாள். சாப்பாட்டு மேஜையில் பாதியை அவளுடைய கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் நான் தட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி சாப்பிடுவேன்.

முப்பத்தொன்பது வயதில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணனுக்கு நாற்பத்திரண்டு. சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் வீட்டில் இருந்தான். அதற்கு அடுத்த நாள் பத்து மாத ஒப்பந்தத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கிளம்பிய அன்று காலையில் அண்ணி ஒரு காரியம் செய்தாள். தன் போனில் பதிவை ஓடவிட்டு, கூடத்து அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். நாலு மணி நேரம் அது பாட்டுக்கு ஓடியது. எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் காலுறையைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கியது, குளியலறையில் சுருதி சேராமல் பாடியது, கதவைத் தட்டித் தட்டி நான் அவனைத் திட்டியது, "இந்தச் சட்டை நல்லா இருக்கா?" என்று அவளிடம் மூன்று தடவை கேட்டது, எல்லாம் அதில் இருந்தது. அவன் போன பிறகு அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டாள். போனில் இடம் போதவில்லை என்று அங்கே அழித்துவிட்டாள். தினமும் வேலை முடிந்ததும், ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன் அதில் பத்து நிமிஷம் கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வருவாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் என் வாய்கூடத் தானாக மூடிக்கொள்ளும்.

"அவனையே பேசிப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்களேன். தேஞ்சுபோன இதையே கேட்டுக்கிட்டு" என்றேன் ஒருநாள்.

"அது கப்பல்ல இருக்குற ஆளு. இது நம்ம வீட்டுல இருந்த ஆளு" என்றாள்.

அங்கே அவனுக்கும் இதே வியாதிதான். கரைக்கு வந்து போன் கிடைத்த ஒரு நாளில் சொன்னான்: "நீ பேசக்கூட வேண்டாம். வீட்டுல மைக்கைச் சும்மா ஓடவிட்டு அனுப்பு. இங்க காதுல எஞ்சினைத் தவிர ஒண்ணும் இல்ல. குழாய் சொட்டுற சத்தம் கேட்டாக்கூடப் போதும், தூங்கிடுவேன்."

அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் எங்கள் வீடு பதிவாயிற்று. பாத்திரம் கழுவுவது, மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது, அண்ணி துணி உதறுவது. இந்த எழவெடுத்த மைக் ஓடுவது தெரியாமல் நான் முதலாளியைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கியதும் ஒரு நாள் கப்பலுக்குப் போய்விட்டது.

பதிவு செய்வது பெரிய காரியமில்லை. அனுப்புவதில்தான் உயிர் போயிற்று. கப்பலில் இணையம் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். அதுவும் வரும், போகும். கோப்போ பெரிசு. "சுருக்கி அனுப்புங்களேன்" என்றால் அண்ணி ஒப்புக்கொள்ள மாட்டாள். சுருக்கினால் சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கும் அமைதி கெட்டுவிடுமாம். அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, என்ன செய்ய?

ஒரு நோட்டை எடுத்து மூன்று நிபந்தனை எழுதினாள். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சத்தத்தில் கைவைக்கக் கூடாது. வேலை முடிந்து வருகிற மனுஷன் எதையும் தட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தவர்களைக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு அலசியதில்லை. ஒவ்வொரு மென்பொருளாக இறக்கி, எனக்கும் அவளுக்கும் நடுவில் அனுப்பி, பாதியில் இணைப்பைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தாள்.

முதலில் எடுத்தது, கோப்பை எங்கேயோ ஏற்றி வைத்து, அவன் அதை இறக்கிக்கொள்ள ஒரு சுட்டி தரும். ஏழு நாளில் அந்தச் சுட்டி காலாவதி. கப்பல் எட்டு நாள் நடுக்கடலில் இணைப்பே இல்லாமல் கிடந்தது. அவன் திறந்தபோது ஒன்றுமில்லை.

இரண்டாவது நேரடியாக இங்கிருந்து அங்கே போகும். ஆனால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். நமக்கு மதியம் என்றால் அவனுக்கு வேறு ஏதோ பொழுது. அண்ணி கம்ப்யூட்டரை அணைக்காமல் கண்ணும் கருத்துமாகக் காத்திருந்தாள். அவள் கடைக்குப் போன ஒரு சாயங்காலம், யாருமில்லாத வீட்டில் இது எதற்குக் கரண்டைத் தின்கிறது என்று நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். தொண்ணூற்று மூன்று சதவீதம் போயிருந்ததாம். அண்ணி கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

மூன்றாவதுதான் தேறியது. இங்கே கம்ப்யூட்டருக்குள் கோப்பு போட ஒரு பெட்டி, அங்கே அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் ஒரு பெட்டி. இங்கே போட்டதை, இணைப்பு கிடைக்கும் போதெல்லாம் துளித்துளியாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். அமைக்கும்போது ஒரு கேள்வி கேட்டது: இங்கிருந்து அங்கே மட்டும் போக வேண்டுமா, அல்லது இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "அவரு அங்க ஏதாவது வெச்சா அதுவும் இங்க வந்துடும்."

"ஐயோ, இதுக்கு ஏன் முகமெல்லாம் சிவக்குது?" என்று கேட்டுக் கிண்டல் செய்தேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

முதல் கோப்பாக அந்த நாலு மணி நேரத்தைத்தான் அப்படியே பெட்டிக்கு நகர்த்திப் போட்டாள். அவன் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அவனும் கேட்கட்டும் என்று நினைத்தாள். பன்னிரண்டு நாளாயிற்று போய்ச்சேர. சேர்ந்துவிட்டது என்று பச்சை நிறம் காட்டியதும் எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. பிறகு தினப்படி பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஒரு மாதம் இப்படி ஓடியது. போன சனிக்கிழமை மதியம், வேலையை முடித்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் பெட்டியைத் திறந்தாள் அண்ணி. பெட்டி காலி.

"எதையாவது தொட்டியா?" என்று என்னைக் கேட்டாள். சுவிட்சை அணைத்தவள் ஆயிற்றே, கேட்கத்தானே செய்வாள்.

"சத்தியமா இல்ல அண்ணி!"

மென்பொருள் வைத்திருந்த குறிப்பைத் திறந்து பார்த்தாள். அன்று காலை, மறுபக்கத்தில், வரிசையாக ஒவ்வொன்றும் அழிக்கப்பட்டிருந்தது. அங்கே அழிந்ததை இங்கேயும் அழித்து, இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது அந்தப் புண்ணியவான் மென்பொருள். முதலில் அழிந்தது நாலு மணி நேரப் பதிவு. குப்பைத்தொட்டியில் தேடினோம். அங்கேயும் இல்லை.

தெருமுனையிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் குடைந்தார். "இந்த மாதிரி டிஸ்க்குல அழிஞ்சா அழிஞ்சதுதாங்க. வேற எங்கயாவது ஒரு காப்பி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள் அண்ணி. "மத்தவங்க கோப்பையெல்லாம் ரெண்டு காப்பி வெச்சிருக்கேன். இதுக்கு வெக்கல."

அவள் அழுததை நான் பார்த்தது அன்றுதான். சத்தமே இல்லாமல், ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கே அவன், வரட்டும் போனில், உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கூப்பிட்டான். கப்பல் துறைமுகத்துக்கு வந்திருந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக இருந்தது. அண்ணி போனை மேஜையில் வைத்து எனக்கும் கேட்கும்படி விட்டாள். அவன் எடுத்ததுமே உற்சாகமாகச் சொன்னான்:

"நேத்து லேப்டாப்பைச் சுத்தம் பண்ணிட்டேன். புதுசு எதுவும் உள்ள வர மாட்டேன்னு நின்னுபோச்சு, பாவம், அது எவ்வளவுதான் தாங்கும்? கேட்டதையெல்லாம் தூக்கிட்டேன். உன்கிட்டதான் எல்லாம் இருக்கே."

அண்ணி, "ம்" என்றாள்.

"அந்தப் பெரிய கோப்பு இருக்கே, அதைத்தான் முதல்ல தூக்குனேன். பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. திறந்தா என் குரலு! என் குரலு எனக்கு எதுக்குடி? உன்னுடையதுக்கு இடம் வேணுமே."

நான் வாயைத் திறந்தேன். "அண்ணா, நீ என்ன பண்ணி வெச்சிருக்கே தெரியுமா…" அதற்குள் அண்ணி என் வாயைப் பொத்திவிட்டாள். நல்ல பலம் அந்தக் கைக்கு.

"என்ன சொல்றா கழுதை?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்லீங்க. சுத்தம் பண்ணதும் நல்லதுக்குத்தான். இன்னைக்கு ரெண்டு பதிவு சேத்து அனுப்புறேன்" என்றாள் அண்ணி. பிறகு சாப்பிட்டீங்களா, முதுகுவலி எப்படி என்று வழக்கமான பேச்சு. கடைசிவரை குரல் மாறவேயில்லை. போனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து கையை முழுசாக எடுத்தாள்.

நான் வெடித்தேன். "ஏன் அண்ணி சொல்லல? அவன் பண்ண காரியம் அவனுக்குத் தெரிய வேண்டாமா? ராத்திரி பகலா நீங்க அதையே நம்பிக்கிட்டு இருந்தீங்க!"

அண்ணி மென்பொருளைத் திறந்தாள். இரண்டு பக்கமும் என்பதை எடுத்துவிட்டு, இங்கிருந்து அங்கே மட்டும் என்று மாற்றினாள்.

"சொன்னா அவரு இனிமே எதையும் அழிக்கவே மாட்டாரு. ஒவ்வொண்ணையும் பொத்திப் பொத்தி வெச்சுப்பாரு. அந்த லேப்டாப் ரொம்பிடும். அப்புறம் நான் அனுப்புறது அவருக்குப் போய்ச் சேராது. தூங்கமாட்டாரு."

அவனைக் கூப்பிட்டுத் திட்ட எடுத்திருந்த போனை மேஜையிலேயே வைத்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

"சரி, அவனுக்கு எல்லாம் போகுது. நீங்க இனிமே எதைக் கேப்பீங்க?" என்றேன் கடைசியில்.

அண்ணி மைக்கை ஓடவிட்டுவிட்டு, உதட்டில் விரல் வைத்து எனக்குச் சைகை காட்டினாள். என்ன நினைத்தாளோ, அதை நிறுத்தினாள்.

"அவரு வர இன்னும் ஆறு மாசம், பதினோரு நாள்" என்றாள். பிறகு மறுபடியும் ஓடவிட்டாள்.