வெல்தாவின் கறுப்பு நாடா

எங்கள் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவள் வெல்தா. ஐந்து மாடி, அறுபது வீடு. அவள் வாய்க்குத் தப்பியவர் ஒருவருமில்லை. நான் தரைத்தளம் என்பதால் தினமும் முதல் வசவு எனக்கு. "சிகரெட் துண்டைத் தொட்டியில போடச் சொன்னா வாசல்ல போடுறீங்களே, வாத்தியாரே!" முப்பது வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் என்ற மரியாதையெல்லாம் அவளிடம் செல்லாது.

2009இல் பணநெருக்கடி என்று சொல்லி லாத்வியா முழுக்கச் சம்பளத்தில் கை வைத்தார்கள். வெல்தாவுக்குப் பாதி போயிற்று. அவள் மகன் கின்ட்ஸ் வேலை பார்த்த மர ஆலையை மூடிவிட்டார்கள். அவன் வேலை தேடி அயர்லாந்துக்குக் கிளம்ப முடிவு செய்தான். பஸ் நவம்பர் பதினெட்டு, காலை ஒன்பது மணிக்கு.

"நாட்டோட பொறந்த நாள் அன்னிக்குத்தானாடா ஓடணும்?"

"அன்னிக்குத்தாம்மா டிக்கெட் மலிவு."

அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். மகன் இப்படியே போய்விடுவானோ என்று அவள் படிக்கட்டை இரண்டு தரம் கழுவினாள். எனக்கே பாவமாக இருந்தது.

பதினெட்டாம் தேதி எல்லாக் கட்டடத்திலும் கொடி பறக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். எங்கள் கொடி முந்தின வாரக் காற்றில் கிழிந்துபோனது. வெல்தா விடியுமுன் நிலவறையில் துழாவி, பழைய கொடியை எடுத்து, ஏணியில் ஏறிக் கம்போடு வாசல் வளையத்தில் இறுகச் செருகிவிட்டு, பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் வேகவைக்கப் போய்விட்டாள். அது ஜூன் மாதத் துக்க நாளில் ஏற்றியது. சோவியத் ஆட்சியில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய கறுப்பு நாடா கம்பின் உச்சியில் அப்படியே இருந்தது. இருட்டில் அவள் கவனிக்கவில்லை.

எட்டு மணிக்கு மேல் விடிந்ததும் வாசலில் கூட்டம். மூன்றாம் மாடி ஓயார்ஸ் கைதட்டினான்.

"வெல்தாக்கா, சபாஷ்! நாம சொல்ல பயந்ததை நீ செஞ்சு காட்டிட்ட. நாடு செத்துப்போச்சு, துக்கம் கொண்டாடுவோம்!"

எதிர்க் கட்டடத்துக்காரர்களும் கறுப்புத் துணி தேட ஆரம்பித்திருந்தார்கள். கரண்டியோடு வந்த வெல்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கின்ட்ஸ் இறங்கி வந்தான். கொடியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தான்.

"கடைசியில நீயும் ஒத்துக்கிட்டியாம்மா? இங்க ஒண்ணும் மிச்சமில்லைன்னு?"

வெல்தா அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயையோ! ஏணி! யாராவது ஏணி கொண்டாங்க!"

"விடுக்கா, நல்லாத்தானே இருக்கு" என்றான் ஓயார்ஸ்.

"வாயை மூடுடா! அது எங்கம்மாவுக்குக் கட்டினது. சம்பளம் கொறஞ்சதுக்கா கட்டுவாங்க? நான் பொறந்ததே சைபீரியாவுல. திரும்பி வந்தப்புறமும் இந்தக் கொடியோட பேரைக்கூடச் சொல்ல முடியாது. அப்ப இதை ஏத்தினா ஜெயில். இப்ப ஏத்தாட்டி அபராதம்! இந்த ஒரு வித்தியாசத்துக்கே நான் தெனமும் நன்றி சொல்லுவேன். சர்க்காரைத் திட்டுறது வேற. அதை நாளைக்குக் காலைல வெச்சுக்கறேன்."

எதிர்க் கட்டடத்தில் ஒருத்தி கறுப்புத் துணியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வெல்தா ஏறினாள். கின்ட்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தான். ஜூன் மழையில் நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது.

"இறங்கும்மா, நான் பாக்கறேன்." அவன் ஏறிப் பல்லால் கடித்து அவிழ்த்தான். கொடி படபடவென்று பறந்தது. எனக்குக் கண் கலங்கியது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

நேரமில்லை. வெல்தா உள்ளே ஓடிச் சூடான பட்டாணியை ஒரு ஜாடியில் அடைத்து அவன் கையில் திணித்தாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு இருவரும் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு மறுபடியும் துக்க நாள். வெல்தா நாடாவைத் தேடு தேடென்று தேடினாள். கடைசியில் அயர்லாந்துக்குப் போன் போட்டாள். அது அவன் கோட்டுப் பையிலேயே இருந்ததாம். அன்று எங்கள் கொடியில் வெல்தாவின் கறுப்புக் கழுத்துத்துணி தொங்கியது.

"கடைத்தெருவில ஒரு முழம் நாடாவுக்கா பஞ்சம்? புதுசு வாங்கேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா வாத்தியாரே? ஜூனுக்குள்ள கொண்டாந்து குடுடான்னு அவன்கிட்ட கண்டிப்பா சொல்லியிருக்கேன். நான் வாங்கிட்டா அவன் எதைக் கொண்டாருவான்?" என்றவள், "காலை எடுங்க, பெருக்கணும்" என்றாள்.