மொகஞ்சதாரோவில் ஒரு மாதா கோயில்

தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோவில், மூன்றாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை, இத்தாலியன் போதவில்லை என்று மறித்துவிட்டார்கள். ஆண்டு முடிவில் டீச்சர் ஆற்றங்கரை நாகரிகங்களைப் பிரித்துக் கொடுத்தபோது எனக்குச் சிந்துவெளி வந்தது. மொகஞ்சதாரோ ஊரின் மாதிரி ஒன்று செய்து, அதைப் பற்றிப் பேச வேண்டும். சரிவந்தால் நாலாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடியும் அதே வாங்கில் உட்கார வேண்டும்.

அப்பா கலங்கவில்லை. நகரின் கால்சாப் பகுதியில் எங்கள் தமிழ்ச் சனம் பூசைக்குப் போகும் கோயிலில் ஒவ்வொரு நத்தாருக்கும் இயேசு பிறந்த பாலன் குடில் கட்டுபவர் அவர்தான். தீப்பெட்டிகளுக்குச் செங்கல் நிறம் அடித்தார். சோடா குடிக்கும் குழல்களைத் தெருவோரம் பதித்து மூடிய சாக்கடை ஆக்கினார். சொக்லேட் தாளில் ஆறு ஓடியது.

“ஆட்டுக்குட்டியள் மூண்டு கிடக்கு. வைக்கட்டோ?”

“அப்பா, இது பெத்லகேம் இல்லை.”

“அங்கையும் ஆடு மேஞ்சிருக்கும்தானே.”

ஆடுகளை மனமில்லாமல் எடுத்தார். வீடுகள் துடைக்கும் வேலை முடிந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

“கோயில் எங்கை?”

எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். அந்த ஊரில் கோயில் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்று புத்தகத்தைக் காட்டினேன்.

“வடிவாத் தேடியிருக்க மாட்டினம்,” என்றார்.

மறுநாள் வகுப்பில் பெட்டியைத் திறந்தால், ஊர் நடுவே சிலுவையோடு ஒரு வெள்ளைக் கோயில். காலையில் பெட்டியைக் கட்டித் தந்தவர் அம்மா. பின்வரிசை வாங்குகளில் சிரித்தார்கள். நான் சாக்கடைகளைச் சொன்னேன், ஒரே அளவான செங்கற்களைச் சொன்னேன், இன்னும் எவரும் வாசித்து முடிக்காத எழுத்தைச் சொன்னேன். டீச்சர் கோயிலைத் தொட்டு, இது என்ன என்றார். அம்மா வைத்தது என்றேன். மதிப்பெண்ணாக எந்தப் புள்ளியும் போடாமல், அம்மாவை வரச் சொன்னார்.

பள்ளி விடும் நேரம் அம்மா வந்தார். நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“சண்டை வந்தா சனம் எங்கை போய் இருக்கிறது? வீட்டுக்கை இருக்கேலுமோ? கோயில்ச் சுவர் தடிப்பெல்லே. அதைச் சொல்லு.”

அதை நான் சொல்லவில்லை. நீளமாக இருந்தது, பாடத்துக்குப் பொருத்தமாகவும் படவில்லை. “ஆட்களுக்குச் செபம் பண்ண ஒரு இடம் வேண்டுமாம்” என்று இத்தாலியனில் சொன்னேன்.

 டீச்சர், அந்த ஊரைத் தோண்டியவர்களும் அப்படித்தான், தாடி வைத்த ஒரு சிலையைக் கண்டு ஆதாரமில்லாமலே பூசகர் அரசன் என்று பெயர் வைத்தார்கள் என்றார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு நாலாம் வகுப்பு கிடைத்தது.

“நல்ல மனுசி. சொன்னோடனை விளங்கீட்டுது,” என்றார் அம்மா, வரும் வழியில். என் மொழிபெயர்ப்பில் எனக்கும் பெருமைதான்.

இலங்கையில் மன்னாரை விட்டு வருமுன் நாங்களும் மூன்று மாதம் ஒரு கோயிலுக்குள் படுத்திருந்தோம். எனக்கு அது நிறையப் பிள்ளைகளோடு நாள் முழுக்க விளையாடிய காலம். அத்தனை பேரும் ஏன் வீடு வாசலை விட்டு அங்கே வந்திருந்தார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.