பாத்தியில் இறங்காத பூட்ஸ்

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹாஜியார் என் ஒபிசுக்கு வந்தார். மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். நட்டஈட்டு வழக்கில் மாட்டிய முதலாளிமார் அப்படிச் சாய்வது அபூர்வம்.

"இந்தத் தடவ பயமில்ல மிஸ். ஒங்கட நோட்டீஸ் இரிக்கி. அந்தப் பொம்புளட கையெழுத்தும் இரிக்கி. வேற என்ன வேணும்?"

புத்தளத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் என் தொழில். வேலைத்தலத்தில் காயப்பட்டவர் நட்டஈடு கேட்டால், முதலாளி பக்கம் நின்று அந்தக் கோரிக்கையைத் துருவிப் பார்க்க வேண்டும். கொடுக்கத் தேவையில்லாததை எதிர்க்க வேண்டும். "உங்களுக்குப் பாவமாக இல்லையா மிஸ்?" என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். சில வேளை பாவமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு, மரஆலையில் முறிந்தது என்று சத்தியம் பண்ணியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஹாஜியாருக்குக் கடல்நீர்க் களப்போரத்தில் ஒரு உப்பளம். செல்வராணி அங்கே பதினொரு வருடம் வேலை செய்தவர். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உப்பு வாரும் பலகை ஒன்று உடைந்து, அதன் ஆணி பாத்திக்குள் கிடந்திருக்கிறது. வெறுங்காலோடு மிதித்துவிட்டார். உப்புத் தண்ணீரிலேயே இரண்டு கிழமை நின்றதில் புண் முற்றி, ஆஸ்பத்திரியில் வலது காலின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிப் பாத்தியில் நின்று வேலை செய்ய முடியாது. நட்டஈடு கிடைத்தால் மிளகாய் அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கி, உட்கார்ந்த இடத்தில் பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அதைத் தடுக்க எங்களிடம் இருந்தது அந்த நோட்டீஸ். "ரப்பர் பூட்ஸ் அணியாமல் எவரும் பாத்தியில் இறங்கக் கூடாது." எழுதியது நான்தான். அதற்கு முன் இன்னொரு தொழிலாளியின் கால் காயத்துக்கு ஹாஜியார் நட்டஈடு கட்ட வேண்டி வந்தபோது, இனி என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அரை மணித்தியாலத்தில் மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்தேன். பூட்ஸ் வாங்கச் சொன்னேன். எல்லோரிடமும் கையெழுத்து எடுக்கச் சொன்னேன். பாதுகாப்புச் சாதனம் கொடுத்து, விதியைத் தெரியப்படுத்திய பிறகும் தொழிலாளி வேண்டுமென்றே மீறினால், இந்த மாதிரிக் காயத்துக்கு முதலாளி தப்பச் சட்டத்தில் வழி உண்டு. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே அன்று பெருமையாக இருந்தது.

செல்வராணியிடம் வாக்குமூலம் எடுத்தபோது, "இது உங்கட கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டேன். "ஓம் மிஸ்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஏன் பூட்ஸ் போடவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஃபைலில் ஒரு குறைதான் இருந்தது. பூட்ஸின் படம் இல்லை. மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போனேன். அங்கே எல்லாம் பார்ப்பவர் நிஸ்தார் ஓவசியர். விசாரணையில் எங்கள் முதல் சாட்சியும் அவர்தான். பூட்ஸ் போடாமல் யாரையும் இறங்க விடுவதில்லை என்று கையெழுத்து வைத்துத் தந்திருந்தார்.

ஸ்டோரைத் திறந்து காட்டினார். தட்டில் பதினெட்டுச் சோடி. ஒவ்வொன்றிலும் பெயின்டால் பெயர். செல்வராணியின் சோடியைத் தூக்கிப் போனில் படம் எடுத்தேன். புத்தம் புதிதாக இருந்தது. நல்லதாகப் போயிற்று, போடவேயில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று நினைத்தேன். அடுத்த சோடியையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் புதிது.

நான் எதையும் துருவிப் பார்க்கிற ஆள். பதினெட்டையும் திருப்பிப் பார்த்தேன். உப்பளத்தில் கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், தண்ணீர்ப் போத்தல் மூடி என்று எல்லாவற்றிலும் உப்புப் பூத்திருக்கும். இந்தப் பூட்ஸ் ஒன்றிலும் ஒரு கல் உப்பு இல்லை.

"கழுவி வைப்பீங்களா நிஸ்தார்?"

"ஓம் மிஸ். டெய்லி கழுவித்தான் வைக்கிற."

வெளியே பார்த்தேன். பாத்திகளில் ஆட்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ் எல்லாம் இங்கே என் முன்னால் இருந்தது. என் காலுக்குச் சரியான சோடியொன்றைப் போட்டுக்கொண்டு, சாரியைத் தூக்கிச் செருகி, வரம்பிலிருந்து பக்கத்துப் பாத்தியில் இறங்கக் காலை வைத்தேன்.

"மிஸ்! மிஸ்! பூட்ஸோட எறங்காதீங்க! பாத்தி நாசமாப் போற!"

நிஸ்தார் ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறை. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து காலை வரம்புக்கே எடுத்துக்கொண்டேன்.

"ஏன் நாசமாப் போகும்? சொல்லுங்க, நான் ஏச மாட்டன்."

மெதுவாகச் சொன்னார். பாத்தியின் தரை வெறும் களிமண். சீசனுக்கு முன்னால் நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துத்தான் அதை இறுக்குவார்கள். பூட்ஸின் குதி பட்டால் மேல்பொருக்கு உடையும், அடியிலிருந்து சேறு கிளம்பும், உப்பு சாம்பல் நிறமாகிவிடும்.

"நோட்டீஸ் வந்த மொத நாள் எல்லாரும் போட்டுத்தான் எறங்கின மிஸ். மூணு பாத்தி போச்சு. ஹாஜியார் உப்பப் பாத்துட்டு எனக்குத்தான் ஏசின. ஏன் எண்டு கேக்கல்ல. அதுக்குப் பொறவு நான்தான் கழட்டிக் கழுவி வெக்கச் சொன்ன."

நானும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணீருக்கடியில் தரை சிமெந்து போலிருந்தது. எவ்வளவு ஆழத்துக்கு மிதிப்பார்கள், எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ உப்பளக் கோரிக்கைகளை எதிர்த்திருக்கிறேன். ஒரு பாத்தியில் கால் வைத்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது. யாராலும் கடைப்பிடிக்க முடியாத ஒரு விதியை எழுதி, அதை மீறியதாக ஒரு மனுசியைத் தோற்கடிக்கப் போயிருக்கிறேன்.

ஹாஜியாரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க எங்கட பக்கமா, அவட பக்கமா?"

"உங்கட பக்கம்தான் ஹாஜியார். அதனாலதான் இப்பவே சொல்றன். நட்டஈட்டு ஆணையாளர் பாத்தி பாக்க வந்து ஒரு கால் வைச்சா, நிஸ்தார் இதையேதான் கத்துவார். அவரைப் பொய்ச் சத்தியம் பண்ண வைக்க நான் மாட்டன்."

தஸ்பீஹ் மணிகளை ஒருமுறை முழுதாக உருட்டி முடித்தார். பிறகு, "குடுத்துருவம்" என்றார்.

விசாரணை நாளில் தொழில் அலுவலகத்தின் பின் அறையில் சமாதானப் பத்திரத்தை வைத்தேன். செல்வராணி ஒரு கால் செருப்போடும் மறு கால் துணிக்கட்டோடும் வந்திருந்தார். பேனையை நீட்டினேன். வாங்கவில்லை.

"வாசிச்சுச் சொல்லுங்கோ மிஸ். ஹாஜியாரும் கேக்கட்டும்."

வாசித்தேன். நான் வழக்கமாகப் பாவிக்கும் படிவம்தான். 'கருணைக் கொடுப்பனவாக' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அதென்ன கருணை?"

"கொடுக்கக் கடமை இல்லாட்டியும், இரக்கப்பட்டுக் கொடுக்கிறது."

"அப்ப அது பொய்யெல்லோ?"

"காசு அதே காசுதானே புள்ள. சொல்லுல என்ன இரிக்கி?" என்றார் ஹாஜியார்.

"காசு அதேதான் ஹாஜியார். ஆனா இதில நான் கையெழுத்து வைச்சா, பிழை என்ர எண்டு நானே எழுதித் தந்தமாதிரி. என்ர விரல் உங்கட பாத்தியில வேலை செய்யேக்கை போனது. அதை எழுதச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் விசாரணைக்கே போறன்."

அந்தச் சொல்லை நான் நூற்றுக்கணக்கான பத்திரங்களில் போட்டிருக்கிறேன். முதலாளிக்கு அது கவசம் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கினார்கள். அதன் அர்த்தத்தை என்னிடம் கேட்டவர் செல்வராணி ஒருவர்தான்.

ஹாஜியார் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தார். எதிர்ப்பார் என்றுதான் நினைத்தேன். "அந்தச் சொல்ல வெட்டுங்க மிஸ்" என்றார்.

வெட்டினேன். மேலே என் கையால் எழுதினேன்: 'வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்காக.' பக்கத்தில் நானும் ஹாஜியாரும் சுருக்கொப்பம் வைத்தோம். பேனையைத் திரும்பவும் நீட்டினேன்.

செல்வராணி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப இன்னொருக்கா முதலிலயிருந்து வாசியுங்கோ" என்றார்.

முதலிலிருந்து வாசித்தேன்.