விண் கூவும் பருவத்தில்

என் கணவரின் நோய்க்கு முதல் அறிகுறியை நான் கிணற்றடியில்தான் கண்டேன். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக் கிணறு வளவின் நடுவே, வெட்டவெளியில் இருக்கிறது. திரும்பி வந்த மறுநாள் காலை அவர் ஒரு வாளி தண்ணீரை அள்ளினார். தலையைக் குனிந்தபடி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, மாமரத்துக்குக் கீழே நின்று குளித்தார். நான் தலை துடைக்கத் துவாயோடு கிணற்றுக்கட்டில் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, மாமரத்துக்கும் சேர்த்துத் தண்ணி வாக்கிறியளோ?" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கிளைகளுக்கு இடையால் வானத்தைப் பார்த்தார்.

அவர் வெளிநாட்டு வேலைக்கென்று போனவர். போன இடத்தில் கையில் சீருடையைக் கொடுத்து, அந்த நாட்டுப் படையோடு போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். தோளில் காயத்தோடு ஒருவழியாகத் தப்பி வந்தார். காயம் ஆறியிருந்தது. ஆள் முழுசாக வந்துவிட்டார், இனி என்ன குறை என்று நாங்கள் நினைத்தோம். உங்கள் வீட்டுக்கும் ஒருவர் இப்படித் திரும்பியிருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது தை பிறக்கப்போகிற காலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் பெரிய ஆண்களும் சின்னப் பிள்ளைகளாகிவிடுவார்கள். ஊர் முழுக்கப் பட்டம். பட்டத்தின் தலையில் விண் பூட்டுவார்கள். வில்போல் வளைத்த தடியில் நாடாவை இழுத்துக் கட்டியதுதான் விண். காற்றுப் பட்டால் அது கூவும். பட்டத்தை மேலே ஏற்றி மரத்தில் கட்டிவிட்டால் இரவு பகலாகக் கூவிக்கொண்டே இருக்கும்.

என் கணவருக்குப் பட்டம் என்றால் பைத்தியம். அது தெரிந்த அவருடைய தமையன், தம்பி வந்த சந்தோசத்தில் ஆளுயரப் பட்டம் ஒன்று கட்டினார். விண்ணைத் தானே சீவிச் சுருதி பார்த்துப் பூட்டி, எங்கள் பின்வளவுப் பனையில் கட்டிவிட்டார்.

"தம்பி இதைக் கேட்டாலே பாதிச் சுகம்," என்றார்.

அன்று முதல் என் கணவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. உடம்பு வேர்த்தது, சாப்பாடு இறங்கவில்லை. மழைக்காலம் என்பதால் டெங்கு என்று பயந்து இரத்தம் சோதித்தோம். குருதிச் சிறுதட்டுகள் (இரத்தம் உறைய உதவும் துணிக்கைகள்) சரியாக இருந்தன. கண்பட்டிருக்கும் என்று நாவூறு கழித்தோம். இடியப்பமும் சொதியும் வைத்துக் கெஞ்சினோம். அவருக்குப் பொழுது போகட்டும் என்று தமையன் நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

எங்கள் மகள் துளசி, தகப்பன் போகும்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தவள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாசல்படியில் செருப்போடு காத்திருந்து களைத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"அப்பாக்கு என்னோடை வெளியிலை வர விருப்பமில்லையோ அம்மா?"

அவர் திரும்பி வந்ததே அவளுக்காகத்தான். ஆனால் அவளோடு முற்றத்தில் நிற்க அவரால் முடியவில்லை. இந்த ஒன்று மட்டும் சரிவந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைசியில் அவரைக் கெஞ்சி வாகனத்தில் ஏற்றி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருத்துவர் ஒரு பெண், மட்டக்களப்புக்காரர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு (பெரிய ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு அது முடியவில்லை என்று நம்புவது) என்றார். மருந்தும் உளவளத்துணையும் (பேசியும் பழக்கியும் மனதை ஆற்றும் சிகிச்சை) தொடங்கினார்.

"வீட்டில ஏதும் சத்தம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை டொக்டர். சரியான அமைதி," என்றேன். பொய்யில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தமையன் ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சில நாள் கழித்து, மருந்து பற்றி ஒரு சந்தேகம் கேட்க வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினேன். மருத்துவர் பாதியில் நிறுத்தினார்.

"பின்னால என்னம்மா இரையுது?"

"இஞ்சை ஒண்டும் இரையேல்லையே."

"இல்ல, கேக்குது. தேனீக் கூட்டம் மாதிரி."

காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஓ, அதோ? அது விண் டொக்டர். எங்கடை பட்டம்..."

சொல்லும்போதே என் குரல் தேய்ந்தது. என் கணவர் இருந்த போர்முனையில் ட்ரோன் (ஆளில்லாமல் பறந்து குண்டு போடும் சிறு விமானம்) வந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்குச் சத்தம் உண்டு என்று நான் யோசிக்கவே இல்லை.

அறைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விண்ணோ?" என்று மட்டும் கேட்டேன்.

"அங்கை முதல் சத்தம்தான் வரும்," என்றார். "மற்றது பிறகுதான். இது பட்டம் எண்டு எனக்குத் தெரியும். ஆனா கால் ஓடுது. அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும்."

சொன்னேன். சொல்லாமல் எப்படி? தமையன் அப்போதே பட்டத்தை இறக்கினார். விண்ணைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பனையடியில் இருந்து அழுதார். ஆசையாகச் செய்ததே தம்பிக்கு வினையாகிப் போய்விட்டது.

ஆனால் ஊர்ப் பட்டங்களை யார் இறக்குவது? இறக்கவும் வேண்டாம் என்றார் மருத்துவர். பயந்த ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்றார். அந்த ஒலி அவர் கையிலிருந்தே வந்தால் நல்லது என்றும் சொன்னார்.

முதலில் என் கணவர் விண்ணின் வெறும் தடியைக் கையில் வைத்திருந்தார். பிறகு நாடா கட்டினார். ஒருநாள் துளசி மின்விசிறிக்கு முன்னால் அதைப் பிடித்தாள். விண் மெல்லக் கூவியது. அவர் முகம் வெளுத்தது.

"அப்பா, நான்தான் பிடிச்சிருக்கிறன். நிப்பாட்டவோ?"

"நிப்பாட்டு."

நிறுத்தினாள். அவர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு, "இப்ப பிடி பிள்ளை," என்றார்.

அப்படியே அந்தப் பருவம் போனது. முன்னேற்றம் நேர்கோட்டில் வரவில்லை. நல்லாக இருந்த வாரத்துக்குப் பிறகு கட்டிலுக்குக் கீழே ஒளிந்த நாளும் உண்டு. அன்று நான் கோபத்தில் சட்டியைப் போட்டு உடைத்தேன், பிறகு நானும் கட்டிலுக்குக் கீழே போய் அவரோடு படுத்துக்கொண்டேன். பராமரிப்பவர்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

மறுபடி வாடை தொடங்கியபோது அவரும் துளசியும் சின்னப் பட்டம் ஒன்று கட்டினார்கள். விண்ணை அவர்தான் பூட்டினார். வயல்வெளியில் கயிறு துளசியின் கையில், துளசி அவர் கைக்குள். அவருடைய சட்டை முதுகு நனைந்திருந்தது. கால் ஓடவில்லை.

"இப்பவும் நெஞ்சு ஒருக்கா நிண்டுதான் போகுது," என்று பின்னர் சொன்னார். "பிறகு தானாத் தொடங்கும்."

என் காதும் மாறிவிட்டது. பிறந்த நாள் முதல் பழகிப்போய்க் காதில் விழாமலே இருந்த விண் இப்போது எனக்குக் கேட்கிறது. சமையலின் நடுவே கையை நிறுத்தி, அவர் எங்கே என்று பார்க்கிறேன். எங்களுக்கு வருடம் இப்போது வாடையில்தான் தொடங்குகிறது.

போன கிழமை காலையிலும் அப்படித்தான், துவாயை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அவர் குளிக்கும் மாமரத்தடிக்குப் போய் நின்றேன். மேலே யாருடையதோ விண் கூவிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஆளைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே பார்க்க வீட்டுக்குள் ஓடப் போனேன்.

"அங்கை ஏனப்பா நிக்கிறீர்?"

திரும்பிப் பார்த்தேன். கிணற்றுக்கட்டில், நல்ல வெயிலில், தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"நான் இஞ்சை," என்றார்.