நெருப்பில்லாத வெல்டிங் வகுப்பு

தலைவரே, நீங்கள் என் மாமாவுக்கு வெல்டிங் பழக்கவில்லை. பழக்கியதாகப் படம் எடுத்தீர்கள், அவ்வளவுதான். அந்தப் படத்தைச் சங்கத்தின் ஆண்டு மலரில் இந்த முறையும் முழுப்பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கிராமத்து இளைஞருக்கு வாழ்வு தந்த திட்டம் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்தபோது நானும் அங்கே நின்றேன். அப்போது எனக்குப் பத்து வயது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்மாவின் தம்பி வன்னியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். வயலும் உழவு இயந்திரமும் தெரிந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அவரைப் போலக் கிராமங்களிலிருந்து வந்த பன்னிரண்டு பேரைச் சேர்த்து, அரசாங்க உதவியோடு, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் தொழிற்பயிற்சி தொடங்கினீர்கள். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை. அதனால் மாமா என்னையும் கூட்டிப்போவார்.

அந்த அறையில் நெருப்பு வேலை செய்யக் கட்டடச் சொந்தக்காரர் விடவில்லை. வேறு இடம் தேடியிருக்கலாம். நீங்கள் தேடவில்லை. நெருப்பில்லாமலே வெல்டிங் பழக்கினீர்கள். பலகையில் வெண்கட்டியால் கோடு போட்டு, வெல்டிங் பிடியில் கம்பியைச் செருகி, கோட்டின்மேல் மெதுவாக இழுத்துப்போகச் சொன்னீர்கள். யாராவது வாயால் நெருப்புச் சத்தம் போடுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடியை இறக்கினால் கண் இருட்டும், கோடு தெரியாது. ஆகவே ஆறு மாதமும் அதை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டே பழகினார்கள். கோடு போடுவது என் வேலை. எனக்கு அது நல்ல விளையாட்டு.

பின்னேரம் வாழ்க்கைத்திறன் வகுப்பு. கை குலுக்குவது எப்படி, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது எப்படி. உங்கள் முதல் பாடம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

"என்ன கேட்டாலும் முதல் ஓம் எண்டு சொல்லுங்கோ தம்பிமார். பேந்து பழகலாம்."

மார்ச் விடுமுறையில் லாசால் பகுதியில் ஒரு பட்டறை மாமாவைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டது. வீட்டு வாசல்களில் வளைந்து ஏறும் இரும்புப் படிகளைச் செய்யும் இடம். வேலை கிடைத்தால் தனி அறை எடுக்கலாம் என்று மாமா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அதனால் நான் போனேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று நாலு தரம் கேட்டார்.

மேற்பார்வையாளர் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், இவர் உண்மையான நெருப்பில் வேலை செய்திருக்கிறாரா என்று.

"என்ன கேக்கிறான் பிள்ளை?" என்றார் மாமா.

நான் அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் படிப்பித்தபடி ஓம் என்றேன். ஆறு மாதம் என்றும் சேர்த்துக்கொண்டேன். பிறகு மாமாவிடம் தொடங்கட்டாம் என்றேன்.

என்னைத் திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். நான் ஓரத்தால் பார்த்தேன். மாமா குனிந்தார். முகமூடி நெற்றியில் இருந்தது. கம்பி பட்டதும் வெள்ளையாக வெடித்தது வெளிச்சம். கம்பி தகட்டில் ஒட்டிக்கொண்டது. பலகையில் அது ஒருநாளும் ஒட்டியதில்லை. அவர் வெறுங்கண்ணோடு இன்னும் கிட்டக் குனிந்து பிடுங்கினார், திரும்பத் தொட்டார், திரும்ப வெளிச்சம். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டு ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார். மாமாவைத் திட்டவில்லை. இவரை யார் பழக்கியது என்று மட்டும் என்னைக் கேட்டார். வேலை இல்லை என்பதை நான்தான் மாமாவுக்குச் சொன்னேன்.

அன்று இருட்டும்போது மாமா கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் துடித்தார். அம்மா ஈரத்துணி வைத்தார். உங்களிடம் வந்து நாலு கேள்வி கேட்கப்போவதாக அம்மா குளிர்க்கோட்டை எடுத்தார். மாமா தடவித்தடவி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அக்கா. அந்தாள் கடிதம் தரவேணும்."

என்ன கடிதம் என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தரும் கடிதம் போல ஏதோ என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அரசாங்கத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வந்தார்கள். மாமா சிவந்து வீங்கிய கண்ணோடு போனார். நீங்கள் அந்தக் கண்ணைப் பார்த்தீர்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "தம்பி, நீர் முகமூடியை இறக்கிவிடும்" என்றீர்கள். மாமா இறக்கினார். படம் எடுத்தார்கள். மற்றவர்கள் முகத்தைக் காட்டிச் சிரிக்க, என் மாமா ஒருவர்தான் அசல் வெல்டர் மாதிரி நிற்கிறார் என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்தக் கடிதம் அகதி வழக்குக்கான நற்சான்று என்பதும், அது உங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தது என்பதும் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

மலரைத் திறந்து பாருங்கள். இடமிருந்து மூன்றாவது ஆள். அவர் கையில் உள்ள பிடியில் மின்சார வயரே இல்லை. பட்டறையில் நான் சொன்ன ஓம் பொய் என்று இங்கே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி உங்கள் முறை. எனக்குத் தொலைபேசி எடுக்கவேண்டாம். வருகிற ஆண்டுக்கூட்டத்தில், அந்தப் பன்னிரண்டு பேரையும் முன்வரிசையில் இருத்திவிட்டு, ஒலிவாங்கியில் சொல்லுங்கள். அந்த அறையில் ஒரு கம்பியாவது எரிந்ததா?