ஓரம் வைத்த கேள்விகள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நானும் அம்மாவும் ஒரே லைனில் தைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து சத்துவாச்சாரிக்குப் போய் நெட்வொர்க்கிங் படித்தேன். பரீட்சையில் பாஸாகி சர்டிபிகேட்டோடு வந்தால் ஒன்றாம் தேதி சேரலாம் என்று சென்னையில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. தோல் வாசனையே இல்லாத அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஐ.பி. முகவரிகளைப் பிரித்துப் போடும் கணக்கு என்றால் கூடப் படித்தவர்களுக்குப் பேஜார். எனக்கு அது பிடித்துப்போனது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்கூடப் போட்டுப் பார்ப்பேன். நேரம் ஜாஸ்தி எடுக்கும், விடை தப்பாது.

பரீட்சையன்று கம்ப்யூட்டரில் முதலில் ஒரு பக்கம் இங்கிலீஷில் விதிமுறை வந்தது. யார் படிப்பார்கள் அதை? அமுக்கித் தள்ளினேன். லைனில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிக்கலான பீஸ் வந்தால் ஓரம் வைத்துவிட்டு மற்றதை ஓட்டுவோம். ஷிப்ட் முடிவதற்குள் அதை எடுத்து நிதானமாகத் தைப்போம். அதையேதான் அங்கேயும் செய்தேன். கணக்கு வந்தபோதெல்லாம், கடைசியில் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஏதோ ஒரு விடையைத் தட்டிவிட்டு நகர்ந்தேன். கடைசிக் கேள்வியையும் முடித்தேன். திரும்பிப் போக வழியில்லை, திரையில் ஃபெயில் என்று வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் மிச்சம் இருந்தது.

பாடம் நடத்தியவரிடம் போய்ச் சொன்னேன். “பின்னால போக முடியாதும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?” என்றார். எல்லாருக்கும் என்றால் யாருக்கய்யா? வந்த ஆத்திரத்துக்கு அங்கிருந்த ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்திருப்பேன். “சரி சார்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாடி, தெரியாததா கேட்டுட்டாங்களா?” என்றாள் அம்மா.

“தெரிஞ்சதுதாம்மா. அதைத்தான் ஓரம் வெச்சேன்.”

“நீ நின்னுடப்போறன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்டி. உன் மெஷின்ல வேற பொண்ண போட்டுட்டாங்க” என்றாள். சந்தோஷத்தில் சொல்லியிருக்கிறாள், பாவி மனுஷி.

மறுநாள் மொத்த லைனும் பார்க்க, “நான்தான் சார் தெரியாம சொல்லிட்டேன், அவமேல தப்பில்ல” என்று சூப்பர்வைசரிடம் கைகூப்பினாள். தோலைவிட மோசமாக நெடியடிக்கும் பசை ஒட்டுகிற செக்‌ஷனில் வேண்டுமானால் இடம் தருகிறேன் என்றார் அவர். அதற்கும் கும்பிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.